ஆறாவது கம்பத்தின் கீழ்

பழைய விமானப் படத்தைப் பார்த்ததும் இன்ன விமானம் என்று சொல்லக்கூடியவர்கள் ரீனோவில் நிறையப் பேர் உண்டு. மூக்கின் வளைவு, கண்ணாடிக் கூண்டின் உயரம், வால் துடுப்பின் முனை என்று ஏதாவது ஒன்று அவர்களுக்குப் போதும். ஆனால் எல்லாரும் பக்கவாட்டிலிருந்து பார்த்துச் சொல்பவர்கள். வயிற்றைப் பார்த்துச் சொல்பவர் கிராசியானா ஒருவர்தான்.

அதற்குக் காரணம் எளியது. அவர் தன் வாழ்நாளின் செப்டம்பர்களை விமானங்களுக்கு நேர் கீழே கழித்தவர்.

ஊருக்கு வடக்கே, ஸ்டெட் விமானத்தளத்தைச் சுற்றிய பொட்டல் வெளியில் கம்பங்கள் நட்டிருந்தார்கள். தந்திக்கம்பம் மாதிரிதான், உச்சியில் மட்டும் சிவப்பும் வெள்ளையும் பூசிய பீப்பாய் ஒன்று. இரண்டாம் உலகப்போரில் பறந்து மிச்சப்பட்ட சண்டை விமானங்கள், எஞ்சினை முறுக்கிக்கொண்டு, சேஜ் புதர்களின் மேல் தூசி எழும்ப செப்டம்பர் பந்தயத்தில் அந்தக் கம்பங்களைச் சுற்றி ஓடும். கம்பத்துக்கு வெளிப்பக்கமாகத்தான் வளைய வேண்டும். உள்பக்கம் புகுந்தால் அது குறுக்குவழி. நொடிக்கணக்கில் தண்டம் உண்டு. அதைப் பிடிக்க ஒவ்வொரு கம்பத்தடியிலும் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் வரும் விமானங்களின் எண்களைப் படிப்பார். இன்னொருவர் கம்பத்தில் முதுகைச் சாய்த்துத் தலையை அண்ணாந்துகொண்டு, பீப்பாயின் விளிம்பையும் விமானம் வரும் கோட்டையும் மட்டும் பார்ப்பார். கோடு தப்பினால் கையைத் தூக்குவார். கை தூக்கியதும் முதல் ஆள் எண்ணைக் கம்பியில்லாக் கருவியில் சொல்வார். அண்ணாந்தவர் யாருக்காகக் கை தூக்கினார் என்பது அந்த நொடியில் அவருக்கே தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் அந்த வேலையின் அழகு.

கிராசியானா ஆறாவது கம்பத்தில் அண்ணாந்தவர். அவருடைய வானம் ஒரு பீப்பாய் அளவுதான் இருந்தது. அதன் ஓரத்தை உரசிக்கொண்டு வெள்ளி வயிறுகள் போயின, எண்ணெய்க் கோடுகளோடு, புகைக் கறையோடு, திமிங்கிலங்கள் கடலின் கூரையில் போவதைப்போல. இன்றும் கனவில் விமானங்கள் அவருக்கு அப்படித்தான் வரும். சத்தமில்லாமல், மெதுவாக. சில சமயம் ஒரு முழுக் கனவும் ஒரே ஒரு வயிறு கடந்துபோவதிலேயே முடிந்துவிடும் என்று ஒருமுறை சொன்னார்.

அவருடைய அம்மா ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஆட்டிடையர்களுக்கான விடுதி நடத்தினார். பிரெனீஸ் மலையிலிருந்து வந்த பாஸ்க் இடையர்கள் பனிக்காலத்தில் அங்கே தங்குவார்கள். நீண்ட மேசையில் அறிமுகமில்லாதவர்கள் தோளோடு தோள் உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் அவரைக்காய்க் குழம்பு எடுத்துக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். ஐடஹோவிலிருந்து வந்த டெல்மர் என்கிற மெக்கானிக் ஒருநாள் அந்த மேசையில் கிராசியானாவுக்கு எதிரே உட்கார்ந்தார். ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார். கிராசியானா தள்ளவில்லை, தூக்கிப் போட்டார். கல்யாணக் கதை அவ்வளவுதான் என்பார்கள் இருவரும்.

டெல்மர் ஒரு மஸ்டாங் விமானத்துக்குத் தலைமை மெக்கானிக்காக இருந்தார். 'வெல்லப்பாகு' என்பது அதன் பெயர். அத்தனை வேகமான வண்டிக்கு மெல்ல வழியும் பாகின் பெயரை வைத்த நக்கல் அதன் முதலாளி ஹார்லனுடையது, ஓட்டியதும் அவர்தான். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் விமானத்தின் அடியில் பலகை போட்டுப் படுத்து, வயிற்றில் வழிந்த எண்ணெயைத் துணியால் துடைப்பது டெல்மரும் கிராசியானாவும் சேர்ந்து செய்யும் வேலை. சூடு ஆறாத உலோகத்தின் அடியில், முகத்துக்கு மேல் ஒரு கை உயரத்தில், ஆணி ஆணியாக அந்த வயிற்றைக் கிராசியானா அறிந்திருந்தார். புருஷன் இருக்கும் குழுவின் விமானம் ஓடும்போது மனைவி கம்பத்தடியில் நிற்பது முறையல்ல. வெல்லப்பாகு ஓடும் நேரத்தில் அவர் விலகிக்கொள்வார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்து அண்ணாந்து நிற்பார்.

ஒரு வருஷம் கடைசி ஞாயிறன்று, இறுதி ஓட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால், அந்த ஆசிரியை வெயிலில் மயங்கி விழுந்தார். விமானங்கள் மலைக்கு மேலே வரிசை கட்டிவிட்டன. வேறு ஆள் இல்லை. கிராசியானா போய்க் கம்பத்தில் முதுகைச் சாய்த்தார்.

கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில் அவருடைய கை மேலே போனது. அந்த எண் வெல்லப்பாகுவின் எண். முதலில் வந்த விமானம் இரண்டாவதாக அறிவிக்கப்பட்டது. ஹார்லன் தொப்பியைக் கழற்றி எறிந்தார். அடுத்த வசந்தத்தில் விமானத்தை விற்றார். டெல்மர் அதற்குப் பிறகு பந்தய விமானம் எதையும் தொடவில்லை. நகரப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் ஓய்வுபெறும்வரை வேலை பார்த்தார். அந்தக் கை பற்றி வீட்டில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. இதெல்லாம் நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஊர் பேசியது. "தன் வீட்டு விமானத்துக்கே கை தூக்கினா பாரு, என்ன நேர்மை!" என்றார்கள் சிலர். "தன் வீட்டுதுன்னு தெரிஞ்சதாலதான் தூக்கினா. பேர் வாங்கறதுக்கு" என்றார்கள் சிலர். முதல் பேச்சு காற்றோடு போயிற்று. இரண்டாவது அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இதை அவரே எனக்குச் சொன்னார். பந்தயம் ரீனோவைவிட்டுப் போன பிறகு வந்த இலையுதிர்காலத்தில், ஒரு மதியம், ஸ்டெட் பக்கம் காரில் கூட்டிப்போகச் சொன்னார். அவருடைய கண்ணில் புரை மூடியிருந்தது, ஓட்ட முடியாது. நாங்கள் போனபோது சில கம்பங்களைப் பிடுங்கியிருந்தார்கள், சிலது நின்றது. ஆறாவது நின்றது. மழை பெய்து ஓய்ந்திருந்ததால் சேஜ் வாசனை மருந்துக்கடை மாதிரி அடித்தது. அவர் கையால் தடவிப் பார்த்துவிட்டு முதுகைச் சாய்த்தார்.

"பீப்பாய் இருக்கா தம்பி?"

"இருக்கு. சிவப்பு மட்டும் வெளுத்துப்போச்சு."

"எனக்கு மங்கலாத் தெரியுது. பரவாயில்ல." கொஞ்சம் கழித்துச் சொன்னார்: "அன்னிக்கு எது முதல்ல வந்ததுன்னு எனக்குத் தெரியல. கையா, வயிறா?"

எனக்குப் புரியவில்லை.

"அது நம்ம வயிறுன்னு பார்த்துட்டு, ஐயோ, தூக்கலைன்னா ஊர் பேசுமேன்னு கை தூக்கினேனா? இல்ல, கை தானாத் தூக்கிச்சா, அப்புறம்தான் பார்த்தேனா? முதல் வருஷம் தெளிவாத் தெரிஞ்சது. நினைக்க நினைக்க ரெண்டும் ஒட்டிக்கிச்சு. இப்ப கனவுல ஒரு நாள் கை முதல்ல, ஒரு நாள் வயிறு முதல்ல."

"டெல்மர்கிட்ட கேட்டிருக்கீங்களா?"

"அவன்கிட்டயா? அவனோட விமானத்தைப் பறிச்சதே அந்தக் கை. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் முப்பது வருஷமா தூங்கறான். அவன்கிட்ட என்னத்தைக் கேக்க?"

கம்பத்தின் மேலே ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, எங்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

சனிக்கிழமை மதியங்களில் நாங்கள் சிலர் அந்தப் பழைய விடுதியில் கூடுவோம். இடையர்கள் இல்லை, விடுதி இப்போது வெறும் சாப்பாட்டுக் கடை. மேசை அதே மேசை. யார் வீட்டுப் பரணிலிருந்தாவது பழைய படங்கள் வந்துகொண்டே இருக்கும். படக்கருவியால் சுவரில் அவற்றைப் போட்டுப் பார்த்து, என்ன விமானம், எந்த வருஷம் என்று தீர்மானித்து, ஸ்லைடின் அட்டை ஓரத்தில் எழுதிவைப்போம். இரண்டு சட்டங்கள் உண்டு. படம் விழுந்ததும் கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கக்கூடாது. பெயர் சொல்பவர் காரணமும் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னவருக்குப் பாத்திரத்தின் அடியில் கிடக்கும் மாட்டுநாக்குத் துண்டு.

ஸ்டெட் போய்வந்ததற்கு அடுத்த சனிக்கிழமை படங்களைக் கொண்டுவந்தவர் கொரீன். அவருடைய அப்பா பல் மருத்துவர். கம்பத்தடித் தொண்டராகவும் இருந்தவர். வேலையில்லாத நேரத்தில் புதரில் மல்லாந்து படம் எடுப்பாராம். அவர் இறந்த பிறகு கொரீன் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்.

"பாதிப் படம் வானம்தான். மீதிப் பாதி யார் யாரோடயோ பல்லு" என்றார் கொரீன். "பல்லை எடுத்துட்டேன்."

"ஏன் எடுத்தீங்க? பல்லைப் பார்த்து ஆளைச் சொல்லியிருப்பேனே" என்றார் ஓரின். குளிர்காலத்தில் மலைப்பாதையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். வாயும் அந்த வண்டி மாதிரிதான், முன்னால் இருப்பதையெல்லாம் தள்ளிக்கொண்டு போகும்.

முதல் சில படங்கள் எளிதாகப் போயின. ஒரு பேர்கேட் விமானத்தை ஓரின், இறக்கை வளைந்த கோர்சேர் என்றார்.

"இறக்கை எங்கய்யா வளைஞ்சிருக்கு?" என்றார் டெல்மர். "உன் முதுகுதான் வளைஞ்சிருக்கு. நாக்கை எடு."

"நாக்கு நல்லாத்தான் இருக்கு. நீங்கள்லாம் இதைத் தண்டனைன்னு நினைக்கிறதுதான் எனக்குச் சிரிப்பு."

கிராசியானா சுவருக்கு மிக அருகில் நாற்காலியைப் போட்டிருந்தார். புரை விழுந்த கண்ணுக்கு நுணுக்கங்கள் போய்விட்டன. வடிவங்களும் வெளிச்சமும் மட்டும் மிச்சம். வயிறு பார்க்க அது போதும் என்பார்.

அடுத்த படம் விழுந்தது.

வெளிறிய நீல வானம். இடதுபக்கம் ஒரு கம்பம், உச்சியில் பீப்பாய். கம்பத்தை நோக்கி ஒரு மஸ்டாங் ஒருபக்கமாகச் சாய்ந்து வந்துகொண்டிருந்தது; அதன் வயிறு முழுவதும் நமக்குத் தெரிந்தது. வெள்ளி உலோகம். வயிற்றின் பின்பாதியில், சுற்றியிருந்ததைவிட வெளுப்பாக, ஒரு சதுரம் மின்னிற்று. கீழே, படத்தின் ஓரத்தில், கம்பத்தடியில் சின்னதாக இரண்டு பேர்.

சட்டப்படி எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அந்த நேரம் முடிந்து வெகுநேரம் ஆகியும் டெல்மர் பேசவில்லை. பொதுவாக முதலில் பேசுகிறவர் அவர்தான்.

"அந்தக் காலத்துல ரெண்டு வெள்ளி மஸ்டாங் ஓடிச்சு" என்று ஓரின் தொடங்கினார். "இது வெல்லப்பாகு இல்ல, மற்றது. காரணம் என்னன்னா..."

"இது வெல்லப்பாகு" என்றார் கிராசியானா. அவர் குரல் தாழ்ந்திருந்தது. "அந்தச் சதுரம்."

"ஆமா" என்றார் டெல்மர். "நான் போட்ட ஒட்டு. சனிக்கிழமை சாயங்காலம் போட்டது. அடுத்த வருஷம் வாங்கினவன் முதல் வேலையா அதைப் பிரிச்சு எறிஞ்சுட்டான். அதனால இது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். வேற நாள் கிடையாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை என்றால் எது என்று மேசையில் எல்லாருக்கும் தெரியும். ஓரின்கூட ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். படக்கருவியின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் தூசி மிதந்தது. அது அந்த ஞாயிற்றுக்கிழமையின் தூசி என்று எனக்குத் தோன்றிற்று.

"கீழே ஆள் இருக்கா?" என்று கேட்டார் கிராசியானா.

"ரெண்டு பேர்" என்றேன்.

"நான் இருக்கேனா?"

"ஒருத்தர் கம்பத்துல சாய்ஞ்சிருக்காங்க. மஞ்சள் துணி தலையில கட்டியிருக்கு."

"என்னோடதுதான்." அவர் சுவரைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக் கேட்டார்: "கை எங்க இருக்கு?"

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயம். டெல்மர் எழுந்து போனார். சுவருக்கு அருகில் நின்று, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெகுநேரம் பார்த்தார். வெல்லப்பாகுவின் நிழல் அவருடைய சட்டையில் விழுந்தது.

"மேல இருக்கு" என்றார். "முழுசா. விரல் விரிச்சு."

"விமானம்?"

"இன்னும் வரல. கம்பத்துக்கு வரவே இல்ல."

கிராசியானா கண்ணை மூடிக்கொண்டார். "ஆனா வயிறு தெரியுதே. ஒட்டு தெரியுதே. எனக்கும் தெரிஞ்சிருக்கும்தானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் டெல்மர். பிறகுதான் அவருக்கு ஏதோ பிடிபட்டது போலிருந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மெல்ல மேசைக்கு வந்தார். மிளகுக் குப்பியை எடுத்து நடுவில் நிறுத்தினார். "இது கம்பம். இங்க நீ." ஒரு ரொட்டித் துண்டை எடுத்துச் சாய்த்துப் பிடித்தார். "இது வெல்லப்பாகு. வளையும்போது சாயுது. சாய்ஞ்சா வயிறு எந்தப் பக்கம் திரும்பும்?"

"வெளிப்பக்கம்" என்றார் ஓரின்.

"பல் டாக்டர் வெளிப்பக்கம் படுத்திருக்கார். அவருக்கு வயிறு. குப்பிக்கு அடியில நிக்கிறவளுக்கு?" ரொட்டித் துண்டைக் கிராசியானாவின் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். "உனக்கு வர்றது மூக்கு. ஒரு உருளை, ரெண்டு இறக்கை முனை. எல்லா மஸ்டாங்கும் அந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணுதான். ஹார்லனோட அம்மா வந்து நின்னாக்கூடப் பையன் இவன்தான்னு சொல்ல முடியாது. தலைக்கு மேல வந்த பிறகுதான் உனக்கு வயிறு. அதுக்குள்ள கை மேல போயாச்சு."

"நிச்சயமா?"

"நான் ரொட்டியில வரைபடமே போட்டுக் காட்டறேன், இன்னும் என்ன நிச்சயம்?"

"கைதான் முதல்ல" என்றார் கிராசியானா, தனக்குத்தானே.

"கோடு தப்பி வந்தான். நீ பார்த்த. தூக்கின. அன்னிக்கு ராத்திரியே ஹார்லன் என்கிட்ட சொன்னானே, உள்ள புகுந்துட்டேன்னு. தொப்பியை எறிஞ்சது அவன் மேலயே அவனுக்கு வந்த கோபம்."

"சொன்னானா?" கிராசியானா கண்ணைத் திறந்தார். "உன்கிட்ட சொன்னானா? நீ ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன். கை தூக்கினவ நீதானே?"

"பந்தயத்தை ஏன் விட்ட அப்ப?"

"விமானமே போயிடுச்சு. வேற விமானத்தோட எனக்குப் பழக்கமில்ல. பஸ் கொட்டகையில மதியத்துக்கு மேல வெயில் வராது." டெல்மர் உட்கார்ந்தார். ரொட்டி விமானத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். "நீ ஒவ்வொரு செப்டம்பரும் பேசாம இருப்ப. நான் அந்தத் தட்டுக்காகன்னு நினைச்சேன்."

"எந்தத் தட்டு?"

"ரொட்டி சுடற அலுமினியத் தட்டு. உங்க அம்மாவோடது. அந்த ஒட்டை அதுலேர்ந்துதான் வெட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் தகடு எங்கயும் கிடைக்கல. இந்த அடுக்களைக்குள்ள புகுந்து எடுத்துட்டேன். கேக்கல."

ஓரின் தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது.

"அந்தத் தட்டை எங்க அம்மா சாகிறவரைக்கும் தேடினா!" என்றார் கிராசியானா. "ஒரு இடையன் திருடிட்டான்னு பாவம் அவனை வீட்டைவிட்டே துரத்தினா!"

"தெரியும். அதுக்கப்புறம் நான் எப்படிச் சொல்ல?"

"முப்பது வருஷம்! நான் கையை நினைச்சுத் தூங்கல, இவன் தட்டை நினைச்சுத் தூங்கல" என்று கிராசியானா எங்களிடம் முறையிட்டார். "ஒரே கட்டில்ல!"

"நீதிபதி அம்மா, தீர்ப்பு?" என்றார் ஓரின், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கிராசியானா நாக்குத் துண்டு இருந்த பாத்திரத்தைத் தடவிக் கண்டுபிடித்து டெல்மர் பக்கம் தள்ளினார். இந்தத் தடவை தூக்கிப் போடவில்லை. அவர் முனகாமல் எடுத்துக்கொண்டார்.

எழுதும் நேரம் வந்தது. ஸ்லைடின் அட்டையை எடுத்து ஓரின் பென்சிலை நாக்கில் தொட்டார். விமானத்தின் பெயர், வகை, வருஷம் எழுதினார். எங்கள் வழக்கத்தில் அத்தோடு முடிந்தது. படத்தில் நிற்கும் ஆட்களை நாங்கள் எழுதுவதில்லை. பெட்டி பெட்டியாகப் பார்த்திருக்கிறோம், தொப்பியோடும் துணியோடும் நின்றவர்களை. யாருடைய பெயரும் எங்கும் கிடையாது.

"கீழ நிக்கிறவ பேரையும் போடு" என்றார் டெல்மர், வாயில் நாக்கோடு.

"வேண்டாம்" என்றார் கிராசியானா.

"போடட்டும்."

"வேண்டாங்கறேன்ல." அவர் கொஞ்சம் யோசித்தார். படம் எடுத்துவிட்ட சுவரில் அவருக்கு அந்த வெள்ளி இன்னும் வந்துகொண்டே இருந்தது போலும், கம்பத்தை அடையாமல். "எழுதியே ஆகணும்னா, கைன்னு மட்டும் எழுது."

ஓரின் எங்களைப் பார்த்தார். டெல்மர் தலையசைத்தார். அட்டையின் ஓரத்தில் மிச்சமிருந்த சின்ன இடத்தில் ஓரின் எழுதினார்: ஆறாவது கம்பம். கை.

கொரீன் அடுத்த படத்தைப் போட்டார். அதில் வானம் மட்டும்தான் இருந்தது. ஒருவேளை விமானம் போன பிறகு அவருடைய அப்பா எடுத்திருப்பார். சட்டப்படி எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிராசியானா மட்டும் பார்க்கவில்லை. நாற்காலியில் தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, தூங்கிப்போயிருந்தார்.